கொசுறாக வந்த மூச்சு

பாக்கியமேரி பொன்மலைச் சந்தையிலிருந்து வாங்கிவந்த பன்றி நெஞ்செலும்பு தேக்சாவுக்குள் மூச்சுவிட ஆரம்பித்தபோது, அவள் முதலில் செய்த காரியம் அடுப்பைக் கூட்டிவைத்ததுதான். காலையில் ஏற்றிய கறி, வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது, இன்னும் எலும்பை விட்டு ஒரு நார்கூட நகரவில்லை, கேஸ் மட்டும் தீர்ந்துகொண்டிருக்கிறது, இதில் மூச்சு ஒன்றுதான் குறைச்சல் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கருப்பட்டியும் புளித்த காடியும் மிளகும் சேர்ந்து கறுத்த குழம்பில், வெட்டாமல் பாளமாகக் கிடந்த விலாக்கூடு மெல்ல மேலே எழும்பியது, எலும்புகளுக்கு நடுவே இருந்த கொழுப்புத்தோல் உப்பி விரிந்து பளபளத்தது, பிறகு கிழவன் ஒருவன் படியேறி வந்து உட்காருகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுத் தளர்ந்து இறங்கியது, இறங்கும்போது ஓரத்திலிருந்து மஞ்சள் நெய் கொப்புளமாகக் கிளம்பி வெடித்து அவள் புறங்கையில் தெறித்தது. "சீ, சனியனே" என்று சொல்லிக் கரண்டியால் அதன் நடுவில் ஒரு குத்து குத்தினாள். அது ஒருமுறை இருமிவிட்டு மறுபடியும் மூச்சுவிட்டது.

அந்தக் கறி வெந்தாக வேண்டும். உள்ளறையில் அவள் புருஷன் சந்தியாகு மூன்று தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும், அதனால் தூக்கமும் உட்கார்ந்தபடிதான். அரை ஆயுசு இலவம்பஞ்சு அடித்து மெத்தை தைத்த மனிதர், அடித்த பஞ்சில் பாதி மெத்தைக்குள் போனது, மீதி நெஞ்சுக்குள் போனது. அவரால் இப்போது கஞ்சியைத் தவிர எதையும் சாப்பிட முடியாது, ஏனென்றால் மெல்லுகிற நேரத்துக்கு மூச்சு காத்திருக்காது, மூச்சு வாங்குகிற நேரத்துக்கு வாய் சும்மா இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "கேட்டதைக் கொடுங்கம்மா" என்றார். வாழ்நாளெல்லாம் எதற்கும் சொன்ன விலையைக் கொடுத்தறியாத பாக்கியமேரி அங்கேயும் பேரம் பேசிப் பார்த்தாள், ஊசி ஒன்று கூடப் போட்டால் என்ன, மாத்திரையை மாற்றினால் என்ன என்று. டாக்டரிடம் விற்பதற்குச் சரக்கு எதுவும் இல்லை.

சந்தியாகு கேட்டது இதைத்தான்.

"பன்னி நெஞ்செலும்பு," என்றார், ஒரு மூச்சு வாங்கி. "பாளமா." இன்னொரு மூச்சு. "தொட்டா கழண்டு வரணும். நாக்குல வச்சா கரையணும். ரெண்டு மூச்சுக்கு நடுவுல முழுங்கிக்கிறேன்."

ஆகவேதான் அவள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சந்தைக்குப் போய் அய்யாக்கண்ணு கடை முன்னால் நின்றாள். பன்றிக்கறி வெட்டுகிற அய்யாக்கண்ணுவுக்கு அவளைக் கண்டாலே கடையைச் சாத்திவிடத் தோன்றும். விலையைக் குறைப்பதோடு விடமாட்டாள், குறைத்த பிறகு கொசுறு கேட்பாள், கொசுறு போட்ட பிறகு அந்தக் கொசுறுக்கு ஒரு கொசுறு கேட்பாள். அன்றைக்கும் அப்படித்தான். ஈரலில் ஒரு துண்டு போட்டான். போதாது என்றாள். கொழுப்பு ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டான். "இதென்ன பிச்சையா போடுற?" என்றாள்.

"யக்கா, பன்னி மொத்தமும் ஒன் பையிலதான் இருக்கு. இனி அது விட்ட மூச்சு ஒண்ணுதான் பாக்கி."

"அதையும் போடு."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அய்யாக்கண்ணுவுக்குக் கோபம் தலைக்கேறி, கொக்கியில் தொங்கிய பன்றியின் திறந்த மூக்குக்கு முன்னால் ரத்தக்கையை நீட்டி, ஈயைப் பிடிக்கிற மாதிரி காற்றில் ஒரு பிடி பிடித்து, அவள் பைக்குள் உதறி, "இந்தா, கொசுறு, வச்சுக்க" என்றான். அவள் பையை இறுக்கி முடிந்துகொண்டு வந்துவிட்டாள். கிடைத்ததை விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மூச்சுச் சத்தத்தை முதலில் கேட்டு வந்தது எதிர்வீட்டு விசாலம். இந்த விசாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சந்தியாகு இரண்டு வருஷமாக மூன்றாம் மாடியில் இழுக்கிற இழுப்பு தரைத்தளம் வரை கேட்கும், ஒருநாள்கூட அவள் கதவைத் தட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டதில்லை. மாடிப்படியில் பார்க்கும்போது மட்டும், "ஆன்ட்டி, எங்க வீட்டுல சீரியல் வசனமே கேக்க மாட்டேங்குது" என்பாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாகசுந்தரம், ரிட்டயரான மனிதர், வேட்டி மடிப்புக் கலையாதவர், படிக்கட்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்: வாடை வரும் மாமிசம் சமைப்பதையும் உரத்த குரலில் இருமுவதையும் தவிர்க்கவும். பாக்கியமேரி அந்த நோட்டீசின் மேல் மீன் செதிலை ஒட்டிவிட்டு வந்தாள். அப்படிப்பட்ட கட்டடம் அது.

விசாலம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள், தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தாள், விலாக்கூடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தாள், முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"ஐயோ பாவம்," என்றாள். "எவ்வளவு கஷ்டப்பட்டு மூச்சுவிடுது பாருங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பாக்கியமேரிக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. கறியைப் பார்த்து வராத குமட்டல் அது.

பொழுது சாய்வதற்குள் கட்டடம் முழுக்க ஏறி வந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை, பயப்படவில்லை, தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு வருகிற மாதிரி வந்து வரிசையில் நின்றார்கள், நின்ற வரிசையில் இடம் பிடித்துக்கொடுத்தார்கள், முட்டி வலிக்கிறவர்களுக்கு அவள் வீட்டு நாற்காலியையே எடுத்துப் போட்டார்கள். மறுநாள் அடுத்த தெருக்காரர்கள் வந்தார்கள், அதற்கு மறுநாள் ஆட்டோவில் வந்தார்கள். பன்றி என்ற சொல்லை வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் அதைப் 'பெரியது' என்று சொல்லிக்கொண்டார்கள், சொல்லப் பிடித்துப்போய் எல்லோரும் அப்படியே சொன்னார்கள், பெரியது இன்றைக்கு நன்றாக மூச்சுவிடுகிறதா, பெரியதுக்கு நேற்று கொஞ்சம் சளி கட்டியிருந்ததே. மூடியின் மேல் கதம்பம் வைத்தார்கள், அது ஆவியில் வெந்து அழுகிக் குழம்புக்குள் வழுக்கியது. ஒருத்தி குழம்பின் மேல் படிந்த கொழுப்பாடையை விரலால் வழித்துப் பிள்ளை நெஞ்சில் தடவினாள், அதைப் பார்த்து இன்னொருத்தி தன் நெஞ்சில் தடவினாள், பிறகு எல்லோர் விரலும் உள்ளே போய் வந்தது, நகத்திலிருந்த அழுக்கு, மோதிரத்திலிருந்த சந்தனம், மூக்கைச் சிந்திய கை, எல்லாம் போய் வந்தது. மொட்டை மாடியில் யோகா சொல்லிக்கொடுக்கிறவர் தன் ஆட்களை அழைத்துவந்து கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து, பெரியது இழுக்கும்போது இழுங்கள், விடும்போது விடுங்கள் என்றார். பன்றியும் பத்துப் பதினைந்து மனிதர்களும் ஒரே தாளத்தில் மூச்சுவிட்டதில் சமையலறைச் சுவரெல்லாம் நெய் வேர்த்தது, அந்த நெய்யில் கால் வழுக்கிப் பல்லி ஒன்று நாள் முழுக்கக் கீழேயே விழுந்துகொண்டிருந்தது.

கறி மட்டும் வேகவில்லை. உயிரோடிருக்கிற எதுவும் வேகாது என்று பாக்கியமேரிக்குப் புரிந்துவிட்டது, அதனால் தீயைக் கூட்டினாள். அவள் இந்தப் பக்கம் திரும்பினால் யாராவது ஒரு கை அந்தப் பக்கத்திலிருந்து நீண்டு தீயைக் குறைத்தது.

"கூட்டாதீங்கம்மா, அதுக்குச் சுடும்ல," என்றார் நாகசுந்தரம். இப்போது அவர்தான் வரிசையைப் பார்த்துக்கொண்டார், செருப்பை எங்கே விடவேண்டும் என்று சொன்னார். சிலிண்டர்கூட அவர் ஏற்பாட்டில் வீட்டுக்கு ஒன்றாக முறைபோட்டு வந்தது.

"சுடணும்னுதான் சார் அடுப்புல வச்சிருக்கு."

"நீங்க சமையல் புத்தியிலேயே பாக்கறீங்க. இது அதையெல்லாம் தாண்டிப் போயிடுச்சு."

"என் புருஷன் இதைத் தின்னக் காத்துக்கிட்டு இருக்காரு."

அப்போது உள்ளறையில் சந்தியாகுவுக்கு இருமல் வந்தது. நெஞ்சுக்கூட்டையே பெயர்த்து வெளியே வைக்கிற இருமல், முடிவில் ஒரு நீண்ட விசில். கூடத்தில் கண்ணை மூடியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நாகசுந்தரம் எழுந்து போனார். தண்ணீர் கொடுக்கத்தான் போகிறார் என்று பாக்கியமேரி ஒரு கணம் நினைத்துவிட்டாள். அவர் உள்ளறைக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"சார் கொஞ்சம் அடக்கி இருமினா நல்லா இருக்கும்," என்றார் திரும்பி வந்து. "இங்க சத்தம் கேக்க மாட்டேங்குது."

அவள் கையிலிருந்த கரண்டி எப்படி அவர் தலையில் இறங்காமல் நின்றது என்பது அவளுக்கே தெரியாது. சாத்திய கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். சந்தியாகு சளி துப்புகிற சாம்பல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது என்னைவிட," என்றார். மூச்சு. "நல்லா விடுது போலருக்கே."

"கழுத்தை நெரிச்சுடுவேன் அதை. கழுத்து எங்க இருக்குன்னுதான் தெரியல."

"வெந்துடுச்சா?"

"வேகுது. நாளைக்கு வெந்துடும்."

நாளைக்கு என்று அவள் சொல்லிச் சொல்லி, கஞ்சி நாலு கரண்டியிலிருந்து இரண்டு கரண்டிக்கு வந்தது, இரண்டிலிருந்து உதட்டை நனைப்பதற்கு வந்தது. அவர் விலாவைத் தடவிக்கொடுக்கும்போது எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையில் பட்டது, தோல் எலும்புக்கு நடுவே உள்ளே போய் வெளியே வந்தது, சமையலறையில் கிடக்கிறதுக்கும் இதுக்கும் அவள் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை, அதற்கு வரிசை நிற்கிறது, இதற்குக் கதவைச் சாத்துகிறார்கள் என்பதைத் தவிர.

அடுத்த சந்தையன்று விடிந்ததும் அவள் அய்யாக்கண்ணு கடைக்குப் போய் நின்றாள்.

"நீ போட்ட கொசுறைத் திருப்பி எடுத்துக்க."

அய்யாக்கண்ணு கத்தியைத் துடைத்துக்கொண்டே அவளை ஏறிட்டுப் பார்த்தான். விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது. அவனுடைய மாமியாரே வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"கறி வேணா திருப்பிக் குடு, வாங்கிக்கிறேன். கொசுறைத் திருப்பி வாங்குற பழக்கம் இந்தச் சந்தையிலயே கிடையாதுக்கா. ஒனக்குத் தெரியாததா?"

"தெரியும். தொலையுது, எப்படிக் கழிக்கிறது அதை?"

"கொசுறு கை மாறும், திரும்பி வராது. நீ யாருக்காச்சும் எதையாச்சும் குடுக்குறப்போ, அதுக்கு மேல இதைப் போட்டுக் குடுத்துடு. மனசார போடணும். நான் அன்னைக்கு வயித்தெரிச்சல்ல போட்டேன், அதான் வேகாம கெடக்கு."

திரும்பி வருகிற வழியெல்லாம் யாருக்குக் கொடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பைபாஸ் ரோட்டில் ஓட்டல் வைத்திருப்பவன் ஒருவன் தேக்சாவோடு விலை பேசிவிட்டுப் போயிருந்தான், அவன் சொன்ன விலையை நினைத்தால் அவள் வாயே ஒருகணம் அடைத்தது. அவன் தலையில் கட்டிவிடலாம். நல்ல பேரம். அவள் செய்ததிலேயே பெரிய பேரம்.

படியேறும்போது இரண்டாம் மாடி வளைவில் நின்றாள். மேலேயிருந்து இரண்டு மூச்சுச் சத்தம் கேட்டது. ஒன்று இழுக்க, ஒன்று விட்டது. எது கறி, எது புருஷன் என்று காதுக்குப் பிடிபடவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், கேட்கக் கேட்க, மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போன நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர் தைப்பார், அவள் விற்பாள். ஒரு மெத்தைக்கு ஒரு தலையணை கொசுறு என்பது அவள் கண்டுபிடித்த தந்திரம், அதற்காகத்தான் ஜனங்கள் மற்ற கடையை விட்டு அவளிடம் வந்தார்கள், அதில்தான் இந்த மூன்றாம் மாடி வீடே வந்தது. அந்தக் கொசுறுத் தலையணைக்கு நல்ல பஞ்சு போட முடியுமா? தரையில் கூட்டி அள்ளிய பஞ்சு, கொட்டையும் தூசியும் கலந்தது. அதை மறுபடி அடிக்க வேண்டும், பறந்துவிடாமல் இருக்க ஜன்னலை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். மூடிய அறைக்குள் சந்தியாகு அடித்துக்கொண்டே இருப்பார். வெளியே வந்தால் இமையெல்லாம் வெள்ளையாக இருக்கும். "இந்தாங்கம்மா, கொசுறு, வச்சுக்குங்க" என்று வாசல் வாசலாக அவள் வாரிக் கொடுத்தது எதை என்று இப்போது படிக்கட்டில் நின்றபோதுதான் கணக்கு நேரானது.

மேலே போனாள். கூடம் நிறைய ஆட்கள், கண்ணை மூடிக்கொண்டு.

"எல்லாரும் எந்திரிங்க."

"மேரியம்மா," என்றார் நாகசுந்தரம். "திடீர்னு இப்படிச் சொன்னா எப்படி? இது இப்ப பொதுச்சொத்து மாதிரி."

"சரி, பொதுச்சொத்து. உள்ள ஒருத்தர் மூச்சு வாங்கிக்கிட்டு கெடக்காரு, அவரையும் சேத்து எடுத்துக்குங்க. ஆளுக்கு ஒரு மணி நேரம் முதுகு தடவி விடுங்க. சளி டப்பாவைக் கழுவிக் குடுங்க. பீ மூத்திரம் நான் பாத்துக்கறேன். விசாலம், நீ மொதல்ல வா."

விசாலம் தன் செருப்பைத் தேடினாள். யோகாக்காரர் பாயைச் சுருட்டினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கதவுப்பக்கம் நகர்ந்ததில் செருப்பு மாறிப்போய், இரண்டு வெவ்வேறு செருப்போடு இறங்கினவர்களும் உண்டு. நாகசுந்தரம் கடைசியாகப் போனார். "கீழதான் இருப்போம். இதுக்கு ஒரு முடிவு தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கதவைத் தாழ் போட்டாள். அழுகிய பூவையும், திரிதிரியாக மிதந்த கொழுப்பையும், குழம்புக்குள் கிடந்த யாரோ ஒருவரின் தலைமுடியையும் வழித்து அள்ளிச் சாக்கடையில் கொட்டினாள். மூச்சுவிட்டுக்கொண்டிருந்த விலாக்கூட்டைச் சுடுதண்ணீரில் அலசினாள், அது அவள் கையில் வழவழவென்று ஏறி இறங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். சின்ன வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் நசுக்கி, மிளகு அரைத்து, காடி விட்டு, கருப்பட்டி கிள்ளிப் போட்டு, புதுக் குழம்பில் ஏற்றினாள். இந்த முறை தீயைக் கூட்டவில்லை. குழம்பு தளதளவென்று வந்ததும் தேக்சாவைத் துணியால் பிடித்துத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய், புருஷன் முன்னால் முக்காலியில் வைத்தாள்.

"இந்தாங்க. நீங்க கேட்ட நெஞ்செலும்பு."

சந்தியாகு எட்டிப் பார்த்தார். அது அவரைப் பார்த்து ஏறியது, இறங்கியது. அவரும் ஏறி இறங்கினார்.

பாக்கியமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவில் மெத்தை விற்ற அதே குரலில், பக்கத்து வாசலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இதுக்கு மேல இது கொசுறு. வச்சுக்குங்க."

"தலையணையா?" என்றார் அவர்.

"தலையணைக்குப் பதிலா."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தத் தலையணைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் முடிவதற்குள் தேக்சாவிலிருந்த விலாக்கூடு இதுவரை எழும்பாத உயரத்துக்கு எழும்பியது, குழம்பைத் தாண்டி விளிம்பு வரை வந்தது, அங்கேயே நின்றது, பிறகு ஒரே நீளமாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமிழ்ந்தது. சந்தியாகு தோளில் யாரோ கைவைத்த மாதிரி நிமிர்ந்தார். அவள் கரண்டியால் கறியைத் தொட்டாள். எலும்பிலிருந்து அது, ஈரத் துணி கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி கழன்று விழுந்தது.

முதல் துண்டை ஊட்டினாள். அடுத்ததை அவரே எடுத்தார். மூச்சுக்காகக் காத்திருக்கவில்லை; பல்லில்லாத ஈறால் மென்றார், மென்றுகொண்டே மூக்கால் மூச்சுவிட்டார், நெய் தாடையில் வழிய எலும்பை உறிஞ்சினார், விரலை நக்கினார். வேறு யாராவது அப்படித் தின்றிருந்தால் அவளுக்குக் குமட்டியிருக்கும்.

"உப்பு கம்மியா போட்டிருக்க புள்ள, காடி தூக்கலா இருக்கு, போன கிறிஸ்மசுக்கு முந்தின கிறிஸ்மசுல வச்ச பாரு அந்தக் கொழம்பு மாதிரி வரல, இருந்தாலும் கறி நல்லா வெந்திருக்கு, கொஞ்சம் சோறு கொண்டா" என்றார், எங்கேயும் நிற்காமல்.

பாக்கியமேரி சோறு கொண்டுவரப் போகவில்லை. அங்கேயே நின்று அவர் நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறுவதும் இறங்குவதும் வெளியே தெரியவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக உருவித் தள்ளிவிட்டு, மல்லாக்க, கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். படுத்தவுடனே தூங்கிப்போனார். மூச்சு சீராகப் போய் வந்தது, சத்தமே இல்லை.

கீழே சத்தமாக இருந்தது. வாசலில் நின்றிருந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பால்கனிக்கு வந்ததும் நாகசுந்தரம் கேட்டார். "என்னம்மா ஆச்சு? மூச்சே கேக்கலையே?"

"வெந்துடுச்சு. தின்னாச்சு."

அண்ணாந்திருந்த தலைகள் இறங்கின. பிறகு விசாலம் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினாள். "கருமம், இங்க வரைக்கும் நாறுது பாருங்க," என்றாள். பக்கத்திலிருந்தவளும் பொத்தினாள். ஆளாளுக்குத் துப்பினார்கள். பெரியது என்று சொன்ன வாயெல்லாம் பன்னி, பன்னி என்று சொல்லிற்று. "மறுபடியும் நோட்டீஸ் போட வேண்டியதுதான்" என்றார் நாகசுந்தரம். சந்தியாகு என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாக்கியமேரி உள்ளே போனாள். புருஷன் தள்ளிவிட்ட மூன்று தலையணைகளையும் அள்ளி வந்தாள். மெத்தை வாங்கினவர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சிய பழைய கொசுறுகள் அவை, தையல் நைந்தவை. ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்துக் கிழித்தாள், பால்கனிக் கம்பிக்கு வெளியே பிடித்து உதறினாள். இலவம்பஞ்சு கொட்டையும் தூசியுமாகக் கிளம்பி, வெயிலில் மினுங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கி, தலையில் உட்கார்ந்தது, இமையில் உட்கார்ந்தது, திறந்திருந்த வாய்க்குள் போனது. முதலில் ஒருவர் இருமினார். பிறகு விசாலம். பிறகு வாசல் முழுக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, விசில் வர வர இருமினார்கள்.

"என்னம்மா இது," என்று கேட்பதற்குள் நாகசுந்தரத்துக்கு இரண்டு தடவை மூச்சு முட்டியது. "மூச்சுவிட முடியல."

பாக்கியமேரி கடைசித் தலையணை உறையையும் உதறினாள்.

"கொசுறு சார்," என்றாள். "வச்சுக்குங்க."